மிடில்மார்ச்சை நூறாம் பக்கத்தில் விட்டுவிடாதீர்கள்

ஜார்ஜ் எலியட் எழுதிய ஆங்கில நாவல் மிடில்மார்ச் ஒரே உபதேசமாக இருக்கிறது, நூறு பக்கம் தாண்ட முடியவில்லை, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள் நண்பரே, இருபதாம் அத்தியாயம் வரையாவது போங்கள். ரோமில் தேனிலவுக்கு வந்த நாயகி டோரதியா அறையில் தனியே விம்மி அழுகிறாள். கணவர் கசோபன் வாட்டிகனில் ஆராய்ச்சியில் மூழ்கியிருக்கிறார். அவர் கொடுமைக்காரரும் இல்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

1871-72இல் எட்டுப் பகுதிகளாக வந்த நாவல் இது. வாசகர்கள் காத்திருந்து படித்ததை ஒரே மூச்சில் படித்தால் திகட்டத்தான் செய்யும். மாதம் ஒரு பகுதி போதும்.

உபதேசம் என்கிறீர்களே, எனக்கு அது தவிப்பாகப் படுகிறது. ஜார்ஜ் எலியட் இளம் வயதிலேயே கிறிஸ்தவ நம்பிக்கையை விட்டவர். கடவுள் இல்லையென்றாலும் பக்கத்தில் இருப்பவரின் துயரத்துக்கு நாம் பொறுப்பா? விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில இலக்கியத்தில் என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கும் கேள்வி இதுதான். மருத்துவர் லிட்கேட் கடனில் சிக்கும் இடம் வந்துவிட்டால் நீங்களே புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டீர்கள்.