ஆயா கடை கார்டு பாக்கெட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஓர் ஆயா பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அங்கே கிரிக்கெட் கார்டு பாக்கெட் வாங்கியே இவனுடைய தீனிக்காசு முழுக்கத் தீர்ந்துபோகிறது. பையன்கள் ஒவ்வொரு பாக்கெட்டையும் அழுத்திப் பார்க்கிறார்கள், கையில் வைத்து எடை பார்க்கிறார்கள். போன வாரம், "நல்ல கார்டை எல்லாம் நீயே எடுத்துட்டு திரும்ப ஒட்டி வெச்சிருக்க" என்று ஆயாவோடு சண்டையே போட்டுவிட்டார்கள். அந்தப் பாக்கெட்டுக்குள் கார்டு எப்படிப் போகிறது? எடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? நூறு கார்டு செட்டை இவன் என்றைக்குத்தான் முடிப்பான்?

வாசகர், கொருக்குப்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பையன்களை அந்த ஆயாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். எந்தக் கார்டு எளிதில் கிடைக்கும், எது கிடைக்காது என்பதெல்லாம் அச்சகத்திலேயே முடிவாகிவிடுகிற விஷயம்.

கார்டுகளைப் பெரிய ஷீட்டில் வரிசை வரிசையாக அடுக்கி ஆஃப்செட்டில் அடிக்கிறார்கள். அமெரிக்காவின் டாப்ஸ் என்ற கார்டு கம்பெனி நெடுங்காலம் ஒரு ஷீட்டுக்கு 132 கார்டு என்று அடித்தது. சென்னை ஆண்டர்சன் தெரு அச்சகங்களில் விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்தவர்களுக்கு இது புரியும். ஷீட்டில் ஒரு படத்துக்கு இரண்டு இடம் கொடுத்தால் இரண்டு மடங்கு பிரதி வரும். பளபளக்கும் ஸ்பெஷல் கார்டுகளைத் தனி ஷீட்டாகக் குறைவாக ஓட்டுவார்கள். அது அரிதாவது இப்படித்தான்.

பிறகு மேல்பூச்சு, கட்டிங். அமெரிக்கக் கார்டு என்றால் 2.5 அங்குல அகலம், 3.5 அங்குல உயரம். வெட்டிய கட்டுகளை மெஷினில் தனித்தனி அறைகளில் நிரப்புகிறார்கள். கீழே பெல்ட் நகர நகர, ஒவ்வோர் அறையிலிருந்தும் ஒரு கார்டு விழும். ஸ்பெஷல் கார்டு தன் அறையிலிருந்து குறிப்பிட்ட கணக்குப்படிதான் விழும். சேர்ந்த கார்டுகளைச் சுற்றி ரோலில் வரும் ஃபிலிம் மடிந்து, முதுகுப் பக்கம் ஒட்டி, இரண்டு முனையிலும் சூட்டில் பல்பல்லாக அழுந்தி, துண்டாகி விழுகிறது. பிஸ்கட் பாக்கெட் போடுவதும் இதே வகை மெஷின்தான்.

இத்தாலியில் மொடெனா நகரத்துப் பனினி சகோதரர்கள் 1961-இல் கால்பந்து ஸ்டிக்கர் ஆல்பம் போட ஆரம்பித்தபோது, படங்களைக் கையால்தான் கலந்தார்கள். அப்புறம் சகோதரர்களில் ஒருவரான உம்பர்த்தோ, 'ஃபிஃபிமேட்டிக்' என்ற மெஷினை உருவாக்கினார். ஒரே பாக்கெட்டில் ஒரே படம் இரண்டு வராமல் கலந்து அடைத்துக் கொடுக்கும். எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. காசு கொடுத்துப் பிரிக்கிற குழந்தையின் முகத்தை யோசித்த ஒருவரால்தான் இதைச் செய்ய முடியும்.

நேர்மாறான ஆட்களும் இருந்தார்கள். 1933-இல் அமெரிக்காவில் கௌடி என்ற பபிள்கம் கம்பெனி 240 கார்டு பேஸ்பால் செட் போட்டது. அதில் 106-ஆம் எண் கார்டை அந்த ஆண்டு வெளியிடவே இல்லை. பிள்ளைகள் அந்த ஒன்றைத் தேடித் தேடி வாங்கிக்கொண்டே இருந்தார்கள். புகார் எழுதியவர்களுக்கு மறு வருஷம்தான் தபாலில் அனுப்பினார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளைகளின் தீனிக்காசில் நடந்த மோசடி அது.

எடை விஷயத்துக்கு வருகிறேன். வீரர் போட்ட ஜெர்சியின் துண்டை உள்ளே பதித்த கார்டுகள் அமெரிக்காவில் உண்டு. அவை தடிமனானவை, தராசில் தெரியும். அதைப் பிடிக்க ஆட்கள் கிளம்பியதும், சில கம்பெனிகள் சாதாரண பாக்கெட்டிலும் தடித்த வெற்று அட்டை ஒன்றைப் போட ஆரம்பித்தன. உங்கள் மகன் வாங்குகிற பாக்கெட்டில் ஜெர்சித் துண்டு கிடையாது. வெறும் பளபளப்பு மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அழுத்தினால் கார்டின் முனைதான் மடங்கும்.

ஆயா பிரித்து ஒட்டினாரா என்ற சந்தேகத்துக்கு, பாக்கெட்டின் இரு முனையையும் வெளிச்சத்தில் பாருங்கள். மெஷின் சீல் என்றால் பல்வரிசை ஒரே சீராக, ஒரே அழுத்தத்தில் இருக்கும். திரும்ப ஒட்டியிருந்தால் சுருக்கமோ பசைத் தடமோ இரட்டைக் கோடோ தெரியும். பையன்களையே பார்க்கச் சொல்லுங்கள், அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.

பாக்கெட்டில் '24-க்கு 1' என்று போட்டிருந்தால், அது மொத்த உற்பத்திக்கான சராசரி. 24 பாக்கெட் வாங்கினால் ஸ்பெஷல் கார்டு ஒன்று நிச்சயம் என்று அர்த்தமில்லை. இதை அவசியம் பையனுக்குச் சொல்லிவிடுங்கள்.

சரி, செட் எப்போது முடியும்? நூறு கார்டும் சம அளவில் அச்சாகி, நன்றாகக் கலந்து வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒருவன் தனியாக வாங்கிச் சேர்த்தால் சராசரியாக 519 கார்டு வாங்க வேண்டியிருக்கும். அதில் கடைசி ஒரே ஒரு கார்டுக்கு மட்டும் சராசரி நூறு. சில கார்டுகளைக் குறைத்து அடித்திருந்தால் இன்னும் கூடும். தெருப் பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து, டபுள் வந்ததை மாற்றிக்கொண்டால் ஆளுக்கு ஆகும் செலவு நன்றாகக் குறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, ஒன்று முதல் நூறு வரை ஒரு தாளில் எழுதி, யாரிடம் எது இல்லை என்று குறிக்கச் சொல்லுங்கள். அது முடிகிறவரை புதுப் பாக்கெட் வேண்டாம்.