25 வயதில் அட்மிரல் ஆக முடியுமா?

நண்பரே, 1790களில் நடக்கும் உங்கள் கதையில் நாயகன் ஒரே போரில் காட்டிய வீரத்துக்காக 25 வயதில் பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் ஆகிறான், நம்பும்படி இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கேப்டன் வரை சரி. அட்மிரல்தான் இடிக்கிறது.

அந்தக் காலத்தில் லெப்டினன்ட் ஆக ஆறு வருடக் கடல் அனுபவம் வேண்டும், அப்புறம் கேப்டன்கள் முன்னால் வாய்மொழித் தேர்வு. குறைந்தது 20 வயது என்பது விதி. மேலிடத்தில் செல்வாக்கு இருந்தால் அதுவும் வளையும். புகழ்பெற்ற பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சனையே பாருங்கள். 1777-இல் அந்தத் தேர்வில் தேறியபோது அவருக்கு 18 தான். தாய்மாமா மாரிஸ் சக்ளிங் அப்போது கடற்படை வாரியத்தின் தலைவர்! 1779-இல், இருபதே வயதில், போஸ்ட் கேப்டன், அதாவது முழு கேப்டன் பதவி.

அதற்கு மேல் எந்த மாமாவாலும் ஆகாது. கேப்டன் ஆன தேதிப்படி அமைந்த மூப்புப் பட்டியலில் முன்னால் இருப்பவர் செத்தாலோ உயர்ந்தாலோதான் நீங்கள் நகர முடியும். நெல்சனுக்கே 18 வருடம் பிடித்தது. நடுவில் ஐந்து வருடம் கப்பலே கிடைக்காமல் நார்ஃபோக்கில் அரைச் சம்பளம். 1797 பிப்ரவரியில் செயின்ட் வின்சென்ட் முனைப் போரில் கலக்கினார். அதே மாதம் ரியர் அட்மிரல் (அட்மிரல்களில் கீழ்ப்படி) ஆனார், ஆனால் அது போர்ச் செய்தி லண்டன் போய்ச் சேருமுன்பே மூப்பு வரிசையில் வந்தது.

பேசாமல் உங்கள் ஆளை ஃபிரிகேட் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்) கேப்டனாகவே விடுங்கள். பிடித்த எதிரிக் கப்பலை விற்று வரும் பரிசுப் பணத்தில் அவனுக்குக் கால் பங்கு. மேலே அட்மிரல் இல்லாவிட்டால் எட்டில் மூன்று. கதைக்கு அதுவே போதும்.