ஹதீஸைக் கேள்வி கேட்கலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அஸ்ஸலாமு அலைக்கும். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மத்ரஸாவில் ஹதீஸ், அதாவது நபி (ஸல்) அவர்களின் சொல், செயல் பற்றிய அறிவிப்புகளை ஓதி, பிறகு ஓதிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

கேள்வி: ஹஜ்ரத், குர்ஆன் மட்டும் போதும், ஹதீஸே தேவையில்லை என்கிறான் என் தம்பி. என்ன சொல்வது?

பதில்: அவனிடம் சண்டை போடாதீர்கள். 1906-லேயே எகிப்தில் தவ்ஃபீக் ஸித்கீ என்ற மருத்துவர் 'அல்மனார்' இதழில் இதையே எழுதினார். புதுக் கேள்வி ஒன்றும் இல்லை. இன்று ஃபஜ்ர் என்ற அதிகாலைத் தொழுகைக்கு இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று), மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்கு மூன்று என்று எதை வைத்துத் தொழுகிறாய் என்று மட்டும் கேளுங்கள். அந்த எண்ணிக்கை குர்ஆனில் இல்லை. அதே நேரம், அது புகாரி இமாம் தொகுத்த ஹதீஸ் நூலைப் படித்து வந்ததும் இல்லை. புகாரி இமாம் பிறப்பதற்கு முன்பே மக்கள் அப்படித்தான் தொழுதார்கள். ஊரே செய்து, பிள்ளைகள் பார்த்துப் பழகி வந்த நடைமுறை வேறு. ஒருவர் கேட்டு ஒருவர் சொன்ன தனி அறிவிப்பு வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் பாதிக் குழப்பம்.

கேள்வி: நபி (ஸல்) அவர்கள் மறைந்து இருநூறு வருடம் கழித்து எழுதியதை எப்படி நம்புவது? புகாரி திரட்டிய ஆறு லட்சத்தில் ஏழாயிரம்தான் தேறியது என்றால் மற்றதெல்லாம் பொய்யா?

பதில்: நபியவர்கள் மறைந்தது 632, புகாரி மறைந்தது 870. இடைவெளி உண்மைதான். ஆனால் 795-ல் மறைந்த மாலிக் இமாமின் முவத்தா என்ற ஹதீஸ் நூல் அதற்கு முன்பே இருக்கிறது. ஆறு லட்சம் என்பது வாசகங்களின் கணக்கு இல்லை. ஒரே செய்தி பத்து வழியில் வந்தால் பத்து ஹதீஸ் என்று எண்ணுவார்கள். புகாரியில் உள்ள ஏழாயிரத்துச் சொச்சத்திலும் திரும்ப வருவதைக் கழித்தால் ஏறக்குறைய 2,600தான். அப்புறம், புகாரியின் நூலையும் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. 995-ல் மறைந்த தாரகுத்னீ இமாம், புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் நூல்களிலும் உள்ள பல அறிவிப்புகளில் குறை சொல்லித் தனி நூலே எழுதினார். அவரை யாரும் மார்க்கத்தை விட்டு வெளியேற்றவில்லை.

கேள்வி: ஸஹீஹான (ஆதாரப்பூர்வமான) ஹதீஸைக் கேள்வி கேட்டாலே ஈமான் (இறைநம்பிக்கை) போய்விடும் என்று பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) சொன்னார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: இந்தப் பயத்தை ஊட்டுவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நபித்தோழர்கள் காலத்திலேயே கேள்வி கேட்டவர் யார் தெரியுமா? நபியவர்களின் மனைவி, நம் தாய் ஆயிஷா (ரலி). குடும்பத்தார் அழுவதால் மய்யித் (இறந்தவர்) வேதனை செய்யப்படும் என்று நபித்தோழர் உமரும் அவர் மகன் இப்னு உமரும் நபியவர்கள் சொன்னதாக அறிவித்தார்கள். ஆயிஷா ஏற்கவில்லை. "ஒருவரின் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார்" என்ற வசனம் உங்களுக்குப் போதும் என்றார். அறிவித்தவர்கள் பொய்யர்கள் இல்லை, ஆனால் காது தவறிவிடும் என்றும் சொன்னார். இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. காது தவறிவிடும் என்ற வார்த்தை முஸ்லிமில் வருகிறது. அந்த ஒரு வார்த்தையை எத்தனை முறை ஓதிக்கொடுத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். உமர் மீது அவருக்கு மரியாதை குறையவில்லை, கேள்வியையும் விடவில்லை. பிற்காலத்தில் ஸர்கஷீ என்ற ஆலிம் ஆயிஷா செய்த திருத்தங்களை மட்டும் தொகுத்து ஒரு நூல் செய்தார்.

கேள்வி: மகளுக்கு டெல்லியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மஹ்ரம் (மணமுடிக்கத் தடையான நெருங்கிய ஆண் உறவினர்) இல்லாமல் பெண் பயணம் செய்யக் கூடாது என்று மாமனார் தடுக்கிறார். என்ன செய்வேன்?

பதில்: அம்மா, அந்த ஹதீஸ் உண்டு. அதையே ஓர் அறிவிப்பு ஒரு நாள் பயணம் என்கிறது, இன்னொன்று இரண்டு நாள், இன்னொன்று மூன்று நாள். கூடவே அதிய்யு பின் ஹாத்திம் என்ற நபித்தோழரின் ஹதீஸையும் படிக்க வேண்டும். இராக்கில் இருந்த ஹீரா நகரிலிருந்து ஒரு பெண் ஒட்டகத்தில் புறப்பட்டு, அல்லாஹ்வைத் தவிர யாருக்கும் அஞ்சாமல் கஅபாவை வலம் வரும் நாள் வரும் என்று நபியவர்கள் சொன்னார்கள். அதை என் கண்ணாலேயே பார்த்தேன் என்கிறார் அதிய்யு. அப்படியானால் தடையின் காரணம் வழியில் இருந்த ஆபத்து என்றே நான் புரிந்துகொள்கிறேன். நம்பிக்கையான பெண்கள் துணை இருந்தால் கடமையான ஹஜ்ஜுக்குப் போகலாம் என்பது ஷாஃபி மத்ஹப் என்ற சட்டப் பிரிவில் பழைய சட்டம். 2018-ல் 45 வயது கடந்த பெண்கள் மஹ்ரம் இல்லாமல், குறைந்தது நான்கு பேர் குழுவாக ஹஜ்ஜுக்குப் போக இந்திய அரசும் வழி செய்தது. மாமனாரிடம் கோபப்படாமல் அதிய்யு ஹதீஸை எடுத்துக் காட்டுங்கள். விடுதியும் வழித்துணையும் சரியாக இருந்தால் பிள்ளையை அனுப்புங்கள்.

கேள்வி: அப்போ பிடித்ததை எடுத்து, பிடிக்காததை விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. விற்றவரும் வாங்கியவரும் பிரியும் வரை பேரத்தை முறிக்கலாம் என்ற ஹதீஸை மாலிக் இமாமே முவத்தாவில் எழுதினார். ஆனால் மதீனாவின் நடைமுறை அப்படி இல்லை என்று அதன்படி சட்டம் சொல்லவில்லை. அவரிடம் ஓர் அளவுகோல் இருந்தது, தனக்குச் சாதகமோ பாதகமோ அதையே வைத்தார். எனக்கும் ஓர் அளவுகோல் உண்டு. பேரீச்ச மரத்துக்கு மகரந்தம் சேர்ப்பது தேவையில்லை என்பது போல நபியவர்கள் சொல்ல, மக்கள் அதை விட்டுவிட, விளைச்சல் குறைந்தது. உங்கள் உலக விஷயம் உங்களுக்கே நன்றாகத் தெரியும் என்றார்கள். விவசாயம், வைத்தியம் பற்றிய அறிவிப்புகளைப் பார்க்கும்போது நான் இதை மனதில் வைத்துக்கொள்வேன்.

கேள்வி: 'சீனா சென்றாயினும் கல்வி தேடு' ஹதீஸ்தானே?

பதில்: இல்லை. ஹதீஸ் கலை அறிஞர்கள் அதைப் பலவீனமானது என்றார்கள், சிலர் இட்டுக்கட்டியது என்றே சொன்னார்கள். கல்வியைத் தேடச் சொல்ல அது தேவையும் இல்லை. "இறைவா, எனக்கு அறிவை அதிகப்படுத்து" என்ற துஆ (பிரார்த்தனை) குர்ஆனிலேயே இருக்கிறது. பள்ளிவாசல் சுவரில் அந்தச் சீனா வாசகம் இருந்தால், முத்தவல்லியிடம் (பள்ளிவாசல் நிர்வாகியிடம்) பக்குவமாகச் சொல்லி இந்த துஆவை எழுதச் சொல்லுங்கள்.