ஒரு தாமரைக் குளமும் ஐந்து பாடங்களும்

கேள்வி: ஐந்தாம் வகுப்புக்கு எல்லாப் பாடங்களையும் நானே நடத்துகிறேன். ஒரே ஓவியத்தைக் கொண்டு பல பாடங்களைக் கற்பிக்கலாம் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். சித்தன்னவாசல் சமணக் குகைக்கோயிலில் உள்ள தாமரைக் குள ஓவியத்தின் படத்தை எடுத்துக்கொண்டு, பாடத்துக்குப் பத்துக் கேள்விகள் எழுதிச் சென்றேன். "எத்தனை மீன்கள் இருக்கின்றன?" என்று கேட்பதற்குள் பிள்ளைகள் கொட்டாவி விடத் தொடங்கிவிட்டார்கள். எங்கே தவறு?
- ஓர் ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: படத்தைத் தேர்ந்தெடுத்ததில் தவறே இல்லை. பிள்ளைகள் அதைப் பார்த்து முடிப்பதற்குள் கேள்வித்தாளை நீட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான். லண்டன் நேஷனல் கேலரி 1995 முதல் தொடக்கப் பள்ளிகளுக்காக நடத்திவரும் 'டேக் ஒன் பிக்சர்' திட்டமும் ஒற்றை ஓவியத்தில்தான் தொடங்குகிறது. அதிலிருந்து எந்தப் பக்கம் போவது என்பதைப் பிள்ளைகளின் ஆர்வத்துக்கு விட்டுவிடுகிறது.

முதல் நாள் பத்து நிமிடம் யாரும் பேசாமல் பார்க்கட்டும். பிறகு அவரவர் கண்ணில் பட்டதைச் சொல்லச் சொல்லிக் கரும்பலகையில் எழுதுங்கள். யானையும் எருமையும் மீனும் ஒரே குளத்தில் இருப்பதையும், ஒருவர் தாமரையைத் தண்டோடு தோளில் சுமப்பதையும் கவனித்த ஏதாவதொரு பிள்ளை, "இவ்வளவு பூ எதற்கு?" என்று கேட்காமல் இராது. அந்தக் கேள்விதான் உங்கள் பாடத்திட்டம். தீர்த்தங்கரரின் உபதேசம் கேட்கச் செல்லும் சமண அடியார்கள் பூக்கொய்யும் குளம் இது என்று அறிஞர்கள் விளக்கம் தருகிறார்கள். ஆனால் அதைச் சொல்ல அவசரப்படாமல், பிள்ளைகள் தங்கள் ஊகங்களைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.

வரலாற்றுக்கு இந்த ஓவியம் ஒரு புதையல். 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் தீட்டப்பட்டது என்றே முதலில் நம்பினார்கள். பின்னர், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் தமிழ்ப் பாடல் கல்வெட்டு அந்தக் கருத்தை மாற்றியது. சான்று கிடைத்தால் வரலாறு திருத்தி எழுதப்படும் என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க, உங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. (புதுப்பித்தவரும் ஓர் ஆசிரியர் என்பது உங்களுக்குப் பிடிக்கும்.)

தமிழுக்கு அதிகம் தேட வேண்டாம்: தாமரையும் எருமையும் மருதத் திணையின் கருப்பொருள்கள். அறிவியலுக்கு ஒரு தாமரை இலையைக் கொண்டுவந்து அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அது முத்தாக உருண்டோடுவதைப் பார்த்த பிறகு, இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகளும் மெழுகுப் படலமும் இருப்பதைச் சொன்னால் மனத்தில் நிற்கும். பாறையில் சுண்ணாம்புச் சாந்து பூசி அதன்மேல் தீட்டிய ஓவியம் என்பதால், சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகுவதையும் பேசலாம். ஆனால் சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கணக்குக்கு மீன்களை எண்ணுவதை விட்டுவிட்டு, அச்சுப் படத்தின் மேல் 2 செ.மீ. கட்டங்கள் போட்டு, வகுப்புச் சுவரில் ஒட்டிய தாளில் 10 செ.மீ. கட்டங்கள் வரைந்து, கட்டத்துக்கு ஒருவராகப் படத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். நீளம் ஐந்து மடங்காகும்போது பரப்பளவு ஏன் இருபத்தைந்து மடங்காகிறது என்பதை, வண்ணம் போதாமல் போகும்போது அவர்களே கேட்பார்கள். ஆங்கிலத்துக்கு எதுவும் இயல்பாக அமையாவிட்டால், இழுத்துக்கொண்டு வராமல் விட்டுவிடுங்கள்.

நேரில் அழைத்துச் செல்வதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓவியம் விதானத்தில் இருக்கிறது, மண்டபமோ சிறியது, வண்ணமும் பல இடங்களில் மங்கியும் உதிர்ந்தும் போயிருக்கிறது. முன்பே பழகாத கண்ணுக்கு அங்கே அதிகம் தெரியாது. ஐந்தைந்து பேராக உள்ளே அனுப்பி, தாங்கள் வரைந்த கட்டம் எது என்று மேலே தேடச் சொல்லுங்கள்.