கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில்: கட்டுப்படியாகுமா, கட்டினால் பயன் உண்டா?

பயன் உண்டு. ஆனால் "அரசு பணம் போடாது, உத்தரவாதமும் தராது, தனியாரே கட்டிக்கொள்ளட்டும்" என்ற மலேசிய அரசின் இப்போதைய நிபந்தனையில் கட்டுப்படியாகாது. அப்படியே தொடங்கினாலும், கடன் சில ஆண்டுகளில் அரசின் தலையில்தான் வந்து விடியும். கணக்கைப் பார்த்தால் இது புரியும்.

திட்டத்தின் வரலாறு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2013 பிப்ரவரியில் அன்றைய மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங்கும் அறிவித்தார்கள். 2016 டிசம்பர் 13 அன்று இரு நாடுகளும் கையெழுத்திட்டன. மொத்தம் 350 கி.மீ.; அதில் 335 மலேசியாவில், 15 சிங்கப்பூரில். கோலாலம்பூரின் பண்டார் மலேசியா, செப்பாங்–புத்ராஜெயா, சிரம்பான், மலாக்கா, மூவார், பத்து பகாட், இஸ்கந்தர் புத்ரி, சிங்கப்பூரின் ஜூரோங் ஈஸ்ட் என எட்டு நிலையங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 90 நிமிடம். 2018இல் மலேசியாவில் ஆட்சி மாறியதும், 110 பில்லியன் ரிங்கிட் ஆகும், நம்மால் முடியாது என்றார் புதிய பிரதமர் மகாதீர். திட்டம் ஒத்திவைக்கப்பட்டது, அதற்காக மலேசியா 15 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) செலுத்தியது. 2021 ஜனவரி 1 அன்று ஒப்பந்தமே முடிந்துபோனது. அதற்கான இழப்பீடு 102.8 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி. 2023இல் தனியாரிடம் யோசனைகள் கேட்கப்பட்டன. 2024 ஜனவரிக்குள் ஏழு கூட்டமைப்புகள் விண்ணப்பித்தன.

இனி கணக்கு. செலவு மதிப்பீடு ஆளுக்கொன்றாகச் சொல்லப்படுவதால், வசதிக்கு 100 பில்லியன் ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். கட்டுமானத்துக்கு ஏழு ஆண்டு, வட்டி 4 சதவீதம் என்றால், முதல் ரயில் ஓடுவதற்கு முன்பே வட்டி சேர்ந்து கடன் ஏறத்தாழ 115 பில்லியன் ஆகிவிடும். அதைக்கூட விட்டுவிடுவோம். 100 பில்லியனை 30 ஆண்டில் அடைக்க வருடத் தவணை சுமார் 5.8 பில்லியன்.

வருமானப் பக்கம் தாராளமாகவே போடுவோம்: ஆண்டுக்கு 20 மில்லியன் பயணங்கள், அதாவது நாளுக்கு 55,000. சராசரிக் கட்டணம் 150 ரிங்கிட். (இதே நீளமுள்ள தைவான் பாதையில் முழுத் தூரத்துக்குச் சாதாரண இருக்கை 1,530 தைவான் டாலர், ஏறக்குறைய 200 ரிங்கிட். இடையில் இறங்குவோரையும் இஸ்கந்தர் புத்ரியிலிருந்து ஜூரோங் வரை மட்டும் போவோரையும் சேர்த்தால் சராசரி கண்டிப்பாகக் குறையும்.) மொத்த வருமானம் 3 பில்லியன். மின்சாரம், பராமரிப்பு, ஊழியர், ரயில் பெட்டிகள் என 40 சதவீதம் போனால் மிச்சம் 1.8 பில்லியன். அந்த மிச்சத்தைக் கொண்டு அடைக்கக்கூடிய கடன் சுமார் 31 பில்லியன்தான். மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கை யார் போடுவது என்பதுதான் உண்மையான கேள்வி. 90 நிமிடமா, 100 நிமிடமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

20 மில்லியன் என்ற எண்ணையும் சும்மா நம்ப வேண்டாம். கோலாலம்பூர்–சிங்கப்பூர் வான்வழி உலகின் மிகப் பரபரப்பான பன்னாட்டு வழித்தடங்களில் ஒன்று. ஆண்டுக்குச் சுமார் 5 மில்லியன் இருக்கைகள். அத்தனை பேரும் ரயிலுக்கு மாறினாலும் இன்னும் 15 மில்லியன் பயணங்கள் வேண்டும். அவை பேருந்திலிருந்தும் காரிலிருந்தும் வர வேண்டும். குடும்பத்தோடு காரில் போகும் நான்கு பேருக்கு நான்கு டிக்கெட் என்றதும் கணக்கு மாறிவிடும். தைவானிலும் முதல் ஆண்டான 2007இல் சுமார் 15.6 மில்லியன் பேர்தான் ஏறினார்கள். 2019இல் அது 67 மில்லியனைத் தொட்டது. கூட்டம் வரும், ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டு பிடிக்கும். கடன் தவணையோ முதல் ஆண்டிலேயே முழுதாக வந்து நிற்கும்.

தைவானில் நடந்ததை மலேசியர்கள் அவசியம் படிக்க வேண்டும். அதுவும் தனியார் கட்டி, நடத்தி, பிறகு ஒப்படைக்கும் திட்டம்தான். 35 ஆண்டு உரிமத்துக்குள் போட்ட பணத்தை மீட்க வேண்டும் என்பதால் தேய்மானமும் வட்டியும் சேர்ந்து நிறுவனத்தின் கழுத்தை நெரித்தன. 2009இல் அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 2015இல் 30 பில்லியன் தைவான் டாலர் புதிய முதல் போட்டு, உரிமக் காலத்தை 70 ஆண்டாக நீட்டினார்கள். அதன் பிறகே லாபம் நிலைத்தது. ரயில் நல்ல ரயில், பயணிகளும் இருந்தார்கள். பணம் திரட்டிய முறைதான் தவறு. இந்தோனேசியாவின் ஜகார்த்தா–பாண்டுங் அதிவேகப் பாதையின் கதையும் கிட்டத்தட்ட அதே. 142 கி.மீ., சுமார் 7.3 பில்லியன் அமெரிக்க டாலர், 75 சதவீதம் சீன வங்கிக் கடன். 2015இல் அரசுப் பணம் தொடப்படாது என்றார்கள். 2021இல் அதிபர் ஆணை ஒன்றின் மூலம் அரசு நிதிக்குக் கதவு திறக்கப்பட்டது. 2023 அக்டோபரில் ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டு ஆண்டிலேயே கடனை மறுசீரமைக்கும் பேச்சு வந்துவிட்டது.

செலவு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் மண்ணைப் பார்க்க வேண்டும். மூவாரிலிருந்து பத்து பகாட் வரை கரையோரம் மென்களிமண். நெடுஞ்சாலைக்காக மூவார் சமவெளியில் எழுப்பிய சோதனை மண்கரை ஒன்று சுமார் 5.5 மீட்டர் உயரத்திலேயே சரிந்தது. மண்பொறியியல் படித்தவர்களுக்கு அது பாடப்புத்தக உதாரணம். மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் ஓடும் கான்கிரீட் தளப் பாதையில் சில மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் வந்தாலும் வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான். அதனால் மண்கரை வேண்டாம் என்று ஆழத் தூண்கள் இறக்கி, மேம்பாலத்தில் போக வேண்டிவரும். இதற்கிடையில் வளைவுகளின் ஆரம் 5 முதல் 7 கி.மீ. வரை இருக்க வேண்டும். நல்ல மண் இருக்கும் பக்கம் வளைந்து போகலாம் என்றால் அதுவும் முடியாது. நிலையங்களைக் குறைத்தாலோ அலங்காரத்தைக் குறைத்தாலோ மிஞ்சுவது கொஞ்சம்தான். பெரும் பணம் தரைக்குக் கீழேதான் போகிறது.

இன்னொரு பக்கம் ஒப்பிட: கெமாஸ்–ஜோகூர் பாரு மின்மயமாக்கப்பட்ட இரட்டைப் பாதை 192 கி.மீ.க்கு 9.55 பில்லியன் ரிங்கிட். கிலோமீட்டருக்கு சுமார் 50 மில்லியன். அதிவேகப் பாதைக்கு மேலே சொன்ன கணக்கில் சுமார் 286 மில்லியன். 2025 டிசம்பர் முதல் இடிஎஸ் என்ற மின்சார ரயில் கோலாலம்பூரிலிருந்து நேராக ஜோகூர் பாரு வரை போகிறது, அதிகபட்சம் மணிக்கு 140 கி.மீ., நான்கரை மணி நேரத்துக்குள். பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே போதும். அதிவேக ரயிலை எதிர்க்க இது காரணம் அல்ல. ஆனால் யார் எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்ற உண்மையான தரவை இது தரும். அந்த டிக்கெட் விற்பனையை வைத்துப் புதிய மதிப்பீட்டைப் போடாமல் ஒப்பந்தம் போடுவது அசட்டுத்தனம்.

அதிவேக ரயிலை எல்லையிலுள்ள ஜோகூர் பாருவிலேயே நிறுத்தி, அங்கிருந்து நீரிணையைக் கடக்கும் ஆர்டிஎஸ் ரயிலில் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் போகலாமே என்ற யோசனை அடிக்கடி வருகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆர்டிஎஸ் 4 கி.மீ. பாதை, ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் கொள்ளளவு. அது கடற்பாலத்தில் தினமும் தவிக்கும் தொழிலாளர்களுக்காகக் கட்டப்படுவது. காலை நெரிசலில் பெட்டி படுக்கையோடு 800 பேரைக் கொண்டுபோய் அங்கே இறக்கினால் இரு தரப்புக்கும் தொல்லை. உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து நகர மையத்துக்கு மேலும் அரை மணிக்கு மேல் ஆகும். விமானத்தை வெல்வதற்காக மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அங்கே கரைந்துவிடும். கட்டுவதானால் ஜூரோங் வரை கட்ட வேண்டும். இல்லையென்றால் இடிஎஸ்ஸையே மேம்படுத்தலாம்.

எல்லைச் சோதனையில் பழைய ஒப்பந்தம் சரியாகவே யோசித்திருந்தது: புறப்படும் இடத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடியும், இறங்கியதும் நடையைக் கட்டலாம். இதற்கு மூன்று நிலையங்கள் மட்டும். இதில் கவனிக்க வேண்டியது கூட்டம் கடந்துபோகும் வேகம். 800 பேர் ஏறும் ரயில் அரை மணிக்கு ஒன்று என்றால் மணிக்கு 1,600 பேர். பைகளைச் சோதிக்கும் ஒரு வரிசையில் மணிக்கு 150 பேர் போக முடியும் என்றால் 11 வரிசைகள் வேண்டும். இதைச் சிறிதாகக் கட்டிவிட்டுப் பிறகு பெரிதாக்குவது மிகக் கடினம். லண்டனிலிருந்து பாரிஸ் போகும் யூரோஸ்டார் ரயிலுக்கு இதுதான் ஆனது: பிரெக்ஸிட்டுக்குப் பின் கடவுச்சீட்டில் முத்திரை குத்தும் வேலை கூடியதும் நிலையத்தில் இடம் போதாமல், சில ரயில்கள் காலி இருக்கைகளோடு ஓட வேண்டியிருந்தது.

எனவே என் கருத்தில் பாதையையும் நிலத்தையும் பாலங்களையும் இரு அரசுகளும் நெடுஞ்சாலையைப் போல் பொதுச் சொத்தாகக் கட்ட வேண்டும். ரயிலை ஓட்டுவதை மட்டும் ஏலத்தில் தனியாருக்குக் கொடுத்து, பாதைக்கு வாடகை வாங்க வேண்டும். மலாக்கா, மூவார் பகுதிகளில் வரும் வேலையும் நில மதிப்பும் வரியாக அரசுக்குத்தான் திரும்பும், ரயில் நிறுவனத்துக்கு வராது. ஆகவே அந்தப் பங்கை அரசே போடுவது நியாயம். அந்தப் பணத்தில் கிளந்தான் அல்லது சபாவின் சாலைகளைச் சீர்செய்யலாமே என்று கேட்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. அதை நாடாளுமன்றத்தில் எண்களோடு வெளிப்படையாகப் பேசி முடிவெடுக்கட்டும்.

புதிய ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் முதலில் தேட வேண்டிய பிரிவு, ஒரு நாட்டின் பகுதி தாமதமானால் மறுநாட்டின் பகுதிக்கு யார் ஈடு கொடுப்பது என்பது. பிரான்சின் பெர்பிஞ்ஞானிலிருந்து ஸ்பெயினின் ஃபிகேரஸ் வரை 44 கி.மீ. எல்லைப் பாதையை ஒரு தனியார் நிறுவனம் 2009இல் கட்டி முடித்தது. அதோடு சேர வேண்டிய பார்சிலோனா பாதை 2013இல்தான் திறந்தது. எதிர்பார்த்த ரயில்கள் வரவில்லை. நிறுவனம் திவாலாகி 2016இல் கலைக்கப்பட்டது. பாதையை இரு அரசுகளும் எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. ஜோகூர் நீரிணையைக் கடக்கும் பாலம் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் முடியாமல் நின்றால், வட்டி மட்டும் மாதத்துக்கு 300 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல்.