நாவலின் பேச்சுமொழியைப் பதிப்பகம் மாற்றலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் கோவில்பட்டிக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எட்டு ஆண்டுகள் உட்கார்ந்து எழுதிய என் நாவலை 2016இல் ஒரு பதிப்பகம் வெளியிட்டது. ஒப்பந்தம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. கைப்பிரதியைக் கொடுத்தேன், 25 பிரதிகள் அனுப்பினார்கள். இரண்டு பதிப்புகளுக்கும் சேர்த்து ராயல்டி என்று ஒரே ஒருமுறை 6,000 ரூபாய் வந்தது. 2023 முதல் நாவல் மின்னூலாகவும், அதற்கடுத்த ஆண்டு முதல் ஒலிநூலாகவும் விற்கப்படுவதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். கடந்த ஜனவரியில் புத்தகக் காட்சியையொட்டி வந்த மூன்றாம் பதிப்பில் பாத்திரங்களின் கரிசல் பேச்சு முழுவதையும் பொதுத்தமிழாக மாற்றிவிட்டார்கள். கேட்டால், எல்லா வட்டாரத்து வாசகருக்கும் புரிய வேண்டுமே என்கிறார்கள். இப்போது 15,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, எல்லா உரிமைகளையும் எல்லா வடிவங்களிலும் நிரந்தரமாக எழுதிக் கொடுக்கும் ஓர் ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்திடலாமா?

பதில்: கையெழுத்திட வேண்டாம் அம்மா. பணத்தை அவர்களாகவே உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டாலும், ஒப்பந்தத்தை நீங்கள் ஏற்கவில்லை என்று எழுதித் தெரிவித்து உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

உங்கள் கடிதம் முழுவதிலும் ஒரு தயக்கம் தெரிகிறது: எழுத்தில் எதுவும் இல்லாததால் உங்கள் கையிலும் எதுவும் இல்லை என்று எண்ணுகிறீர்கள். சட்டத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, நீங்களாகவே எழுதிய ஓர் இலக்கியப் படைப்பின் முதல் உரிமையாளர் நீங்கள்தான். அதைப் பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தர வேண்டுமானால் அது எழுத்தில், உங்கள் கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. உரிமையைத் தாமே வைத்துக்கொண்டு பயன்படுத்த மட்டும் அனுமதிக்கும் உரிமத்துக்கும் எழுத்து தேவை என்கிறது 30ஆம் பிரிவு. ஆகவே எழுதப்படாத ஒப்பந்தத்தால் நஷ்டப்பட வேண்டியவர் பதிப்பாளர்; நீங்கள் அல்ல. அவரும் இதை அறிந்திருப்பதால்தான், நாவலை இத்தனை ஆண்டுகள் விற்ற பிறகு இப்போது கையெழுத்துக் கேட்கிறார் என்பது என் கணிப்பு.

முதல் இரண்டு அச்சுப் பதிப்புகளைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. கைப்பிரதியை நீங்களே கொடுத்து, பிரதிகளையும் பணத்தையும் பெற்றுக்கொண்டிருப்பதால், அச்சிடுவதற்கு உங்கள் நடத்தையால் இசைந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதம் எடுபடவும் கூடும். எனவே அவற்றுக்கு விற்பனைக் கணக்கும் உரிய ராயல்டியும் கேளுங்கள். அவற்றைத் திருட்டுப் பதிப்பு என்று எங்கும் எழுதாதீர்கள். மின்னூலும் ஒலிநூலும் வேறு. மின்னணு வடிவில் சேமிப்பது, பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்வது, படைப்பை ஒலிப்பதிவாக்குவது ஆகியவை 14ஆம் பிரிவின் கீழ் தனித்தனி உரிமைகள். அச்சிட இசைந்தவர் இவை அனைத்துக்கும் இசைந்துவிட்டார் என்று யாரும் கொள்ள முடியாது.

இனி மூன்றாம் பதிப்புக்கு வருகிறேன். நீங்கள் இணைத்திருந்த இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் படித்தேன். முதல் பதிப்பில் கிழவி பேத்தியிடம், ‘ஏ தாயி, கம்மாக் கரைக்குப் போயிட்டு வெரசா வந்துரு, பொழுது சாயுது’ என்கிறாள். மூன்றாம் பதிப்பில் அதே கிழவி, ‘பெண்ணே, கண்மாய்க் கரைக்குச் சென்றுவிட்டு விரைவில் வந்துவிடு, மாலை நேரமாகிறது’ என்று பேசுகிறாள். இதைப் பேசும் கிழவி வேறொருத்தி. ஒற்றுப்பிழை நீக்குவதும் எழுத்துப்பிழை திருத்துவதும் பதிப்பாசிரியரின் அன்றாட வேலை. அவற்றை எதிர்த்து யாரும் வழக்காட வேண்டியதில்லை. ஆனால் ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்து அவள் மண்ணின் பேச்சைப் பிடுங்குவது மெய்ப்புத் திருத்தம் ஆகாது.

படைப்பைச் சிதைத்தோ மாற்றியோ ஆசிரியரின் மதிப்புக்கும் புகழுக்கும் ஊறு விளைவித்தால், அதைத் தடுக்கவும் இழப்பீடு கோரவும் 57ஆம் பிரிவு ஆசிரியருக்குத் தனி உரிமை தருகிறது. பதிப்புரிமையை முழுமையாக விற்றுவிட்ட பிறகும் இந்த உரிமை ஆசிரியரிடமே நிற்கும். இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தம் நாவலைத் திரைப்படமாக்கும் உரிமையை விற்றிருந்தபோதும், படத்தில் கதை சிதைக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்தார். 1986இல் தில்லி உயர் நீதிமன்றம், திரைப்படத்துக்குத் தேவையான மாற்றங்களை உரிமை வாங்கியவர் செய்யலாம், ஆனால் அதன் பெயரால் மூலத்தைச் சிதைக்க முடியாது என்ற நிலையை எடுத்தது. அந்த வழக்கில் எதிர்த்தரப்புக்கு ஊடகம் மாறுகிறது என்ற சமாதானமாவது இருந்தது. உங்கள் நாவல் புத்தகத்திலிருந்து புத்தகமாகத்தான் போயிருக்கிறது.

இன்னொரு வாதத்தையும் முன்வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கருத்துக்கும் கதைக்கருவுக்கும் பதிப்புரிமை இல்லை, சொல்லப்பட்ட விதத்துக்கே உண்டு என்பதை 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அப்படியானால், பஞ்சம் பிழைக்கப் போன ஒரு குடும்பத்தின் கதை என்பதை யாரும் எழுதலாம். சட்டத்தின் கண்ணில் உங்களுக்கே உரியது அதை நீங்கள் சொன்ன சொல்தான். மாற்றப்பட்டிருப்பதும் அந்தச் சொல்லே.

எனினும் உங்கள் மதிப்புக்கு ஊறு நேர்ந்தது என்பதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியவர் நீங்கள். மனம் புண்பட்டது என்று சொன்னால் மட்டும் போதாது. நாவலின் பேச்சுமொழியைப் பாராட்டி வெளிவந்த மதிப்புரைகள், விருதுக் குறிப்புகள், மூன்றாம் பதிப்பைப் படித்துவிட்டு ஏமாற்றத்துடன் வாசகர்கள் எழுதிய கடிதங்கள் ஆகிய அனைத்தையும் தேடியெடுங்கள். எட்டாண்டுக் குறிப்பேடுகளும் அடித்துத் திருத்திய கையெழுத்துப் படிகளும் வீட்டில் இருக்கும். ‘கம்மா’ என்ற சொல்லைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தீர்கள் என்பதற்கு அவற்றைவிட நல்ல சாட்சி இல்லை. முதல் பதிப்பின் பிரதி ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். அதன் உள்பக்கத்தில் ‘உரிமை: ஆசிரியருக்கு’ என்று அச்சிட்டிருப்பதை நீங்கள் அனுப்பிய படத்தில் கண்டேன். மூன்றாம் பதிப்பில் அந்த வரி ‘உரிமை: பதிப்பகத்தாருக்கு’ என்று மாறியிருக்கிறது. உங்கள் கையொப்பம் இல்லாமல் இடையில் உரிமை எப்படிக் கைமாறியது என்பதற்குப் பதிப்பாளர்தான் விடை சொல்ல வேண்டும்.

மூன்றாம் பதிப்பைக் கடையில் வாங்கி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மின்னூலும் ஒலிநூலும் விற்கப்படும் பக்கங்களைத் தேதி தெரியும்படி படமெடுங்கள். மின்னணுச் சான்றுகளுக்கு, சாட்சியங்கள் பற்றிய சட்டமான பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்கீழ் சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை உங்கள் வழக்கறிஞர் தயாரித்துக் கொடுப்பார். காலமும் முக்கியம். பதிப்புரிமை மீறலுக்கான இழப்பீட்டை, மீறல் நடந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் கோர வேண்டும். மின்னூல் 2023இல் தொடங்கியது என்பதால், நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பழைய விற்பனையில் ஒரு மாதத்தை இழக்க நேரிடும்.

வழக்குக்காகப் பதிப்பகம் இருக்கும் ஊருக்கு நீங்கள் அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்திலேயே தொடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு இடமளிப்பதால், தூத்துக்குடியிலேயே தொடுக்கலாம். கோரிக்கையின் மதிப்பு 3 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் அது வணிக வழக்காகும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வணிக வழக்குகளில் முதலில் சமரசத்துக்குப் போவது கட்டாயம். காவல் துறையில் புகார் கொடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனாலும் உங்கள் நோக்கம் நாவல் பழையபடி வெளிவர வேண்டும் என்பதானால், அங்கே தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேச்சுவார்த்தையில் ஒப்பந்தம் போடும் நிலை வந்தால், அச்சு, மின்னூல், ஒலிநூல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ராயல்டி விகிதமும் காலவரம்பும் எழுதச் சொல்லுங்கள். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் சட்டம் கொள்ளும். அதனால்தான் பதிப்பாளரின் வரைவில் ‘நிரந்தரமாக’ என்ற சொல் அவ்வளவு கவனமாக இடம்பெற்றிருக்கிறது. இறுதி மெய்ப்பில் உங்கள் ஒப்புதல் கையொப்பம் இல்லாமல் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்ற விதியும் இருக்கட்டும். திரைப்பட உரிமையையும் மொழிபெயர்ப்பு உரிமையையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞர் அறிவிப்புக்கு முன்பாக, இந்த வாரமே நீங்களே ஒப்புகையுடன் அனுப்ப வேண்டிய கடிதம் இது. ஆதாரமில்லாத மிரட்டல் என்று பதிப்பாளர் எதிர்வழக்குத் தொடுக்க 60ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருப்பதால், இதில் மேற்கொண்டு எதையும் சேர்க்காதீர்கள்:

‘தாங்கள் அனுப்பிய ஒப்பந்த வரைவு கிடைத்தது, அதை நான் ஏற்கவில்லை. நாவலின் பதிப்புரிமை என்னிடமே உள்ளது. மின்னூலுக்கோ ஒலிநூலுக்கோ மூன்றாம் பதிப்பில் செய்த மாற்றங்களுக்கோ நான் அனுமதி அளிக்கவில்லை. அவற்றின் விற்பனையை நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். 2016 முதல் இன்றுவரை அச்சிட்ட பிரதிகள், விற்ற பிரதிகள், மின்னூல், ஒலிநூல் வருவாய் ஆகியவற்றின் கணக்கை 15 நாள்களுக்குள் அனுப்பவும்.’