நரம்பு எடுத்த பல் ஏன் இன்னும் வலிக்கிறது?

கேள்வி: கடவாய்ப் பல்லுக்கு ரூட் கனால் செய்து மூன்று நாளாகிறது. கடித்தால் வலிக்கிறது. நரம்பை எடுத்த பல் எப்படி வலிக்கும்? பார்மசியில் அமொக்சிசிலின் வாங்கிப் போடவா? (கிண்ணியா வாசகி)

பதில்: நரம்பை எடுத்தது பல்லுக்குள்ளே இருந்துதான். பல்லைத் தாடை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் சவ்வு உயிரோடுதான் இருக்கிறது. வேர் நுனியில் அது புண்பட்டிருப்பதால் கடிக்கும்போது வலிக்கிறது. சில நாட்கள், கூடிப்போனால் ஒரு கிழமை இப்படி இருக்கும். நேற்றைவிட இன்று குறைவா என்று மட்டும் பாருங்கள். மற்றப் பக்கத்தால் மெல்லுங்கள். வாயை மூடும்போது அந்தப் பல்தான் முதலில் முட்டுகிறது என்றால் அடைப்பு உயரமாக இருக்கிறது. போய்ச் சீவச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

வலிக்குப் பனடோல் போதும். 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். இபுபுரொஃபன் இதைவிட நன்றாகக் கேட்கும், உண்மைதான். ஆனால் மார்கழி மழை விட்டு, வாளியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் தண்ணீர் நிற்கும் காலத்தில் எனக்கு அதில் பயம். காய்ச்சல் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். டைக்குளோபெனக், அஸ்பிரின் எல்லாம் அப்படித்தான். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். "பல்லால் வந்த காய்ச்சல்தானே" என்று நீங்களாக முடிவெடுக்காமல் முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள்.

அமொக்சிசிலின் வேண்டாம். நரம்பை எடுத்த பல்லுக்குள் இரத்த ஓட்டமே இல்லை, மருந்து எப்படி அங்கே போய்ச் சேரும்? டொக்டரின் துண்டே கேட்காமல் ஐந்து கப்சியூலை எண்ணிக் கொடுக்கும் கடைக்காரருக்கு வியாபாரம், அவ்வளவுதான்.

அப்புறம் கப், அதாவது பல்லின் மேல் போடும் உறை. ரூட் கனால் செய்த கடவாய்ப் பல் கப் இல்லாவிட்டால் ஒருநாள் பிளந்துவிடக்கூடும், அதனால் சில கிழமைக்குள் போட்டுவிடுங்கள். "டொக்டரிடம் போனால் காசு கூட, எனக்குத் தெரிந்த ஆள் வீட்டுக்கே வந்து போட்டுத் தருவார்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். அந்த ஆள் கொமிஷன்காரர். அவர் கூட்டி வருபவர் பல்லை அளவில்லாமல் ராவி, பிளாஸ்டிக் கப்பைப் பசையால் ஒட்டிவிட்டுப் போவார். உள்ளே ஊத்தை சேர்ந்து, பல் அழுகிய பிறகு என்னிடம் வருகிறார்கள். யாராயிருந்தாலும் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

சனம் அந்த ஆட்களிடம் ஏன் போகிறது என்பதும் எனக்குத் தெரியும். அரச கிளினிக்கில் பல்லைப் பிடுங்க அன்றைக்கே நம்பர் கிடைக்கும். காப்பாற்றவென்றால் மாதக்கணக்கில் திகதி, இல்லாவிட்டால் வேறு ஊருக்கு ஒரு கடிதம். வருடக்கணக்காக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தற்காலிக அடைப்பு முழுதாகக் கழன்றால் இரண்டொரு நாளுக்குள் போட்டுக்கொள்ளுங்கள், எச்சில் உள்ளே போகக்கூடாது. கன்னம் வீங்கினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தாலோ கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இரவென்றாலும் ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.